விலை பார்க்கப் போனவள்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் இன்னொன்று. ஊருக்கு அவள் டேப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வாத்தியார் நடத்திய பாடத்தை, நடுவில் அவர் இருமிய இருமலோடு சேர்த்து அப்படியே திருப்பிச் சொன்னாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். டேப் ரிக்கார்டர் என்ற சாமானே வீடுகளிலிருந்து காணாமல் போய்விட்டது, நாற்பத்தொரு வயதிலும் இவள் மட்டும் டேப்பாகவே மிஞ்சினாள். கேட்டதும் மறக்காது, பார்த்ததும் மறக்காது. இதில் அதிகம் அடிபட்டவன் அவள் புருஷன்தான். சண்டை என்று வந்துவிட்டால், எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வாய் தவறிச் சொன்ன வார்த்தையைக் கிழமையோடு எடுத்து முன்னால் வைப்பாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூன்று கவுண்டர் வைத்த மளிகைக் கடையில் பதினோரு வருஷம் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பழைய நூல் ஆலை இருந்த இடத்தில் பெரிய கடை வந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. யார் அதைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்வது? பெரிய கடை என்றால் போதும். இதே மாதிரி நூற்றுக்கணக்கான ஊர்களில் கடை நடத்துகிறவர்கள், இந்த ஊருக்குப் புதுசு. திறந்த ஐந்தாவது மாதம் மூன்று கவுண்டர் கடை ஷட்டரை இறக்கியது. டேப்பு வேலை கேட்டு நேராகப் பெரிய கடைக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள்? புருஷன் பஸ் டிரைவர். முதுகில் தட்டு விலகி ஆபரேஷன் ஆகி, எழுந்து உட்காரவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய நிலையில் வீட்டில் கிடந்தான்.

மேனேஜர் வெளியூர்க்காரர். சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுறுசுறுப்பாகப் பேசுகிறவர். "பழைய கடையில என்னென்ன விலைக்கு வித்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்று சும்மா கேட்டு வைத்தார். டேப்பு சோப்பில் தொடங்கினாள். சர்க்கரை, எண்ணெய், பால்பவுடர் என்று போய்க்கொண்டே இருந்தாள். அறுபதாவது சாமானில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மறுநாளே வேலை. ஆனால் பில் கவுண்டரில் இல்லை.

அடையாள அட்டையில் சந்தை ஆய்வாளர் என்று போட்டிருந்தார்கள். வேலை இதுதான்: காலை எட்டு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊரில் மிச்சமிருக்கும் ஒன்பது கடைக்கும் போக வேண்டும். நாற்பது சாமான்களுக்கு அந்தந்தக் கடையில் என்ன விலை ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பத்தரைக்குள் திரும்பி மேனேஜரிடம் சொல்ல வேண்டும். போன் எடுத்துப் படம் பிடிக்கிறவர்களைக் கடைக்காரர்கள் விரட்ட ஆரம்பித்திருந்தார்கள். முன்னால் இந்த வேலைக்குப் போன ஒரு பையனுடைய போன் சாக்கடைக்குள் போயிற்று. டேப்புக்குப் போனும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். ஒரு பாக்கெட் உப்போ தீப்பெட்டியோ வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்து வருவாள். அவள் சொல்லி முடித்த ஒரு மணி நேரத்தில், பெரிய கடையில் அதே சாமான்களின் விலை இறங்கியிருக்கும். அதிகம் இல்லை, கொஞ்சம். சனங்கள் தெரு தாண்டி நடந்துவரப் போதுமான அளவு.

முதல் இரண்டு மாதம் அவளுக்கு உறுத்தவில்லை. பார்க்கிறோம், சொல்கிறோம், அதில் என்ன பாவம்? பிறகு ஒன்பது கடை எட்டாயிற்று. எட்டு ஏழாயிற்று. அடுத்துப் போனது, ஒரு காலத்தில் பால் மட்டும் விற்றதால் பால்கடைக்காரர் என்றே பெயர் நிலைத்தவரின் மளிகைக் கடை. கடைசி வாரம் அவர் ராக்கில் டப்பாக்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தார், ராக்கு நிறைந்து தெரியட்டும் என்று. டேப்பு அதையும் பார்த்தாள். மறக்க முடியாதவளுக்கு இதுதான் தண்டனை.

ஒருநாள் மனசு கேட்காமல் மேனேஜரிடம், "சார், அந்தக் கடையில பிஸ்கட் விலை குறைச்சிருக்காங்கதான். ஆனா அது தேதி முடியப்போற சரக்கு. நாம அதுக்குப் போட்டியா இறக்கணுமா?" என்றாள்.

மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. "எத்தனை இருக்கு, எப்ப கெட்டுப்போகும், இதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. ஒட்டியிருக்கிற நம்பர், அவ்வளவுதான். யோசிக்கிறதுக்கு மேல ஆள் இருக்காங்க. உங்களுக்கு அந்தச் சம்பளம் கொடுக்கல."

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மிச்சமிருந்த ஆறு கடைகளில் ஒன்று அவளுடைய நாத்தனார் கடை. புருஷனின் அக்கா. மார்க்கெட் ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை ஆளாக நின்று நடத்துகிறவள். குரல் உயர்த்தாமலே நாலு ஆண்களைத் தள்ளி நிற்க வைக்கத் தெரிந்தவள். இந்த உறவை டேப்பு வேலையில் சேர்ந்த வாரமே மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். எங்கே தன்னை அந்தக் கடைக்கு மட்டும் அனுப்பாமல் விடுவாரோ என்று ஒரு நப்பாசை. அவர் சிரித்தார். "சொந்தக்காரங்க கடையா? ரொம்ப நல்லதாப் போச்சு. சந்தேகப்பட மாட்டாங்க. ஃபாரத்துல உறவு இல்லைன்னே போட்டுக்கறேன், நீங்க யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

நாத்தனாருக்கா தெரியாமல் போகும்? முதல் நாளே தெரிந்துவிட்டது. திட்டவில்லை, கத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள், அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடி, "வாங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அந்த 'வாங்க'வுக்குப் பதில் ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது டேப்புக்கு. "உப்பு ஒரு பாக்கெட், அண்ணி" என்றாள். உப்பு வந்தது. மீதிச் சில்லறை வந்தது. அவள் திரும்பி நடக்கையில் முதுகு பூராவும் அண்ணியின் பார்வை இருந்தது. ஏழு மாதம் இப்படியே போனது. வீட்டில் உப்பு பாக்கெட் மலையாகக் குவிந்தது. தம்பியைப் பார்க்க அண்ணி வருவதும் நின்றது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை.

அண்ணி கடையில் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னுக்கு ஒட்டியிருந்த விலையைப் பார்த்து டேப்பு நின்றுவிட்டாள். கம்பெனிக்காரன் கொடுக்கும் விலையே அதைவிட அதிகம். இந்த விலைக்கு விற்றால் டின்னுக்கு டின் கை நஷ்டம். அண்ணிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? ராக்கைப் பார்த்தாள். டின் இரண்டே இரண்டுதான் இருந்தது. கல்லாவைப் பார்த்தாள். அண்ணி குனிந்து சாக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், உலகத்தில் அதைவிட முக்கியமான வேலை இல்லாதவள் போல.

மேனேஜர் கேட்டபோது டேப்பு ஒட்டியிருந்த நம்பரைச் சொன்னாள். டின் இரண்டுதான் இருந்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. யோசிக்க உனக்குச் சம்பளம் இல்லை என்ற பேச்சும் கூடவே வந்தது. விழுங்கிக்கொண்டாள். மதியத்துக்குள் பெரிய கடையில் எண்ணெய் அண்ணி கடையைவிட இன்னும் ஒரு படி கீழே இறங்கியது.

மறுநாள் அண்ணி கடையில் எண்ணெய் பழைய விலைக்கே ஏறியிருந்தது. மூன்றாவது நாள் வேறொரு கடையில் சலவைத்தூள் இறங்கியிருந்தது, அங்கேயும் இரண்டு பாக்கெட்தான். நான்காவது நாள் இன்னொரு கடையில் பால்பவுடர். ஐந்தாவது நாள் அண்ணி கடையில் மறுபடி எண்ணெய், அதே இரண்டு டின். அன்றைக்கு உப்பு எடுக்கக் கடைக்குள் கொஞ்சம் தள்ளிப் போனவளின் கண், திறந்து கிடந்த சரக்கறையில் விழுந்தது. தரையிலிருந்து நெஞ்சுயரம் எண்ணெய் டின். ஓரத்து டின் ஒன்றில் பெரிய கடையின் பச்சை ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆறு கடைக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் பொய் விலை ஒட்டுகிறார்கள். அதை இவள் பார்த்துப் போய்ச் சொல்கிறாள். பெரிய கடை அதற்கும் கீழே இறக்குகிறது. இவர்கள் சொந்தபந்தத்தை அனுப்பி அந்தச் சரக்கை அள்ளி வந்து, தங்கள் கடையில் வழக்கமான விலைக்கு விற்கிறார்கள். கம்பெனியே இவர்களுக்கு அந்த விலைக்குத் தராது. நடுவில் ஓடுகிற வயர் டேப்பு.

சொன்னால் அண்ணி கதை முடிந்தது. சொல்லாமல் இருந்து பிடிபட்டால் தன் கதை முடிந்தது. அத்தோடு புருஷனின் பிசியோ, மருந்து, வீட்டு வாடகை எல்லாம். கல்லாவுக்கு வந்தாள். அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். டேப்பு எதைப் பார்த்தாள் என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

"ஸ்டிக்கர் சரியா உரியல அண்ணி" என்றாள் டேப்பு. "கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேச்சா பிசின் இல்லாம வந்துடும்."

அண்ணி உப்பு பாக்கெட்டை அவள் பக்கம் தள்ளினாள். "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "நீ சாப்பிடுறியா இல்லையா? ஆளே பாதியாப் போயிட்ட."

அடுத்த எட்டு நாளும் டேப்பு வழக்கம்போல ஆறு கடைக்கும் நடந்தாள். பொய் எதுவும் சொல்லவில்லை. ஒட்டியிருந்ததை ஒட்டியிருந்தபடி சொன்னாள். மேனேஜர் சந்தோஷமாக இருந்தார். எண்ணெய் விற்பனை நாலு மடங்கு என்று போனில் யாரிடமோ பெருமை அடித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒன்பதாவது நாள் காலையில் அவள் போனபோது, அண்ணி கடையில் புது ஆள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பளபளவென்று ஷூ. வாங்குகிறவன் சாமானைப் பார்ப்பான், இவன் ராக்கைப் பார்த்தான். உதடு அசையாமல் எண்ணினான். தன்னைச் சரிபார்க்க அனுப்பிய ஆள் என்று டேப்புக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு வேலைக்காரனை இன்னொரு வேலைக்காரனால் அடையாளம் காண முடியாதா என்ன?

அண்ணிக்கும் பொறி தட்டிவிட்டது. அவள் கை மெல்ல விலைச் சீட்டை நோக்கிப் போயிற்று. கிழித்துவிட்டால், இன்றைக்கு டேப்பு சொல்லப்போகிற நம்பர் பொய்யாகிவிடும். டேப்பு கண்ணாலேயே வேண்டாம் என்றாள். கை நின்றது.

"இந்த எண்ணெய் அஞ்சு டின் வேணும்" என்றான் ஷூக்காரன்.

"ரெண்டுதான் இருக்கு, தம்பி."

"உள்ள இருக்குமே. பாருங்க, நான் நிக்கிறேன்."

அண்ணி சரக்கறைக்குள் போனாள். டேப்பு சர்க்கரைப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலையைப் படிக்கிற மாதிரி நின்றாள். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. உள்ளே துணியால் எதையோ அழுத்தித் தேய்க்கிற சத்தம். ஷூக்காரன் தலையைத் திருப்பினான். "என்னம்மா, இவ்வளவு நேரம்?"

"தூசி தம்பி. அழுக்கு டின்னை அப்படியே தூக்கிக் கொடுக்கிறதா?"

மூன்று டின் வந்தது. அவன் ஒவ்வொன்றாகத் திருப்பினான், கட்டை விரலால் பக்கங்களைத் தடவினான். பிசின் இல்லை. வழவழவென்றிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஐந்து டின்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

அவன் போனதும் அண்ணி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அவன் கடையில வாங்கின டின்னை அவன் ஆளுக்கே லாபத்துக்கு வித்தாச்சு" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்த டேப்புக்குத் திடீரென்று நினைவு வந்தது. டின்னின் அடியில் அச்சடித்த எண். எந்த லாரியில் எந்தக் கடைக்கு வந்த சரக்கு என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். பில் போட்ட பதினோரு வருஷத்தில் அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

மறுநாள் பதினொரு மணிக்குக் கூப்பிட்டு விட்டார்கள். மாடியில் கண்ணாடி அறை, ஏசி குளிர் எலும்புவரை போயிற்று. மேஜைமேல் அந்த டின் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் மேனேஜர். நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், மெல்லிய குரல், நிதானமான பேச்சு. அவர் டேப்புக்குத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். வந்த டம்ளரை டேப்பு தொடவில்லை.

"இது நம்ம கடைக்கு வந்த டின். அந்தக் கடையில கிடைச்சிருக்கு. அந்தக் கடைக்காரம்மா உங்க வீட்டுக்காரரோட அக்கா. சரியா?"

"ஆமா மேடம்."

"ஃபாரத்துல உறவு இல்லைன்னு இருக்கு."

மேனேஜர் முந்திக்கொண்டார். "எங்கிட்ட மறைச்சுட்டாங்க மேடம். எனக்கு நேத்துதான் தெரியும்."

டேப்பு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பயம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது. "சார், பிப்ரவரி பதினாலு, வியாழக்கிழமை. நீங்க நீலச் சட்டை போட்டிருந்தீங்க, மேஜையில ஃபேன் ரிப்பேர். 'சொந்தக்காரங்க கடையா? ரொம்ப நல்லதாப் போச்சு. சந்தேகப்பட மாட்டாங்க. ஃபாரத்துல உறவு இல்லைன்னே போட்டுக்கறேன், நீங்க யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்.' இதைச் சொல்லிட்டு ரெண்டு தடவை இருமினீங்க."

அவரே பேசுகிற மாதிரி இருந்தது. அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, டேப்பு பக்கம் திரும்பினார்.

"ராக்கில எத்தனை டின் இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

"ரெண்டு."

"ஏன் சொல்லல?"

"எத்தனை இருக்குன்னு எல்லாம் வேண்டாம், ஒட்டியிருக்கிற நம்பர் மட்டும் போதும்னு உத்தரவு. அதுவும் எந்த நாள்னு சொல்லட்டுமா மேடம்?"

"வேண்டாம்" என்றார் அந்த அம்மா. ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்தக் கடைக்காரம்மா வேணும்னே பொய் விலை ஒட்டி ஜனங்களை ஏமாத்துறாங்கன்னு இதுல இருக்கு. நீங்க கண்ணால பார்த்த சாட்சி. கையெழுத்துப் போட்டா, மற்றதை அதிகாரிங்ககிட்ட நாங்க பார்த்துக்குவோம். உங்க வேலை இருக்கும். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். மருத்துவச் செலவைக் கம்பெனி ஏத்துக்கும்."

அடுத்த ஆபரேஷன் பற்றி டாக்டர் போன வாரம்தான் பேசியிருந்தார். டேப்பு தாளைப் படித்தாள். எல்லோருக்கும் ஒரு தடவை படித்தால் மறந்துவிடும். இந்தத் தாளிலிருந்த ஒவ்வொரு வரியும் சாகிறவரை தன்னோடு வரும் என்று அவளுக்குத் தெரியும். கீழே தன் கையெழுத்தோடு.

"நான் விலை பார்க்கிறவ மேடம்" என்றாள். "சாட்சி சொல்றதுக்கு வேலைக்கு வரல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். இன்னிக்குத்தான் முதல்தடவை என்னை யோசிக்கச் சொல்றாங்க."

அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் தள்ளுவண்டிகள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். போகிற வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நடந்ததைக் கேட்டுவிட்டுப் புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். அக்காவைத் தள்ளிப்போட முடியுமா?" என்றான். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணி வந்துவிட்டாள், ஏழு மாதத்துக்குப் பிறகு. வந்ததும் தம்பி முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்தாள்.

சாட்சி கிடைக்காததால் அண்ணிமேல் புகார் போகவில்லை. பெரிய கடை அந்த வாரமே ஆளுக்கு இரண்டு டின்தான் என்று அறிவிப்பு மாட்டியது. மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சின்னக் கடைகளின் விலையைப் பார்த்து இறக்குவதை நிறுத்திவிட்டு, எல்லா ஊருக்கும் ஒரே விலை என்று வைத்தார்கள். அதனால் சின்னக் கடைகளுக்கு மூச்சு வந்ததே தவிர, பிழைப்பு திரும்பிவிடவில்லை. வருஷம் முடிவதற்குள் ஆறில் இன்னொன்றும் மூடியது. மிச்ச ஐந்து பேரும் அண்ணியின் சரக்கறையில் கூடினார்கள். தனித்தனியாக வாங்கினால் கம்பெனிக்காரன் மதிக்க மாட்டான், சேர்ந்து மொத்தமாக வாங்குவோம். வாங்கப் போக விலை தெரிந்த ஆள் வேண்டும், டேப்புவையே போடலாம் என்று அண்ணி சொன்னாள்.

பால்கடைக்காரரும் வந்திருந்தார். கடை போன பிறகு அவர் ஒரு குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். "இவ என் கடைக்கு தொண்ணூற்றேழு நாள் வந்தா. ஒவ்வொரு நாளும் நான் எண்ணினேன்."

"தொண்ணூற்றொன்பது அண்ணே" என்றாள் டேப்பு. தலையைக் குனியவில்லை. "கடைசி ரெண்டு நாள் நீங்க இல்ல, உங்க வீட்டம்மாதான் இருந்தாங்க. என்ன வாங்கினேன், என்ன விலை பார்த்தேன், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவர் வெளியே போய்விட்டார். பிறகு நாலு கை உயர்ந்தது, ஒரு கை உயரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து டேப்பு மொத்த வியாபாரிகளிடம் போக ஆரம்பித்தாள். போன தடவை நீ என்ன விலை சொன்னாய், அதற்கு முந்தின தடவை என்ன சொன்னாய் என்று முகத்துக்கு நேரே சொல்லும் பெண்ணைக் கண்டு வியாபாரிகள் முதலில் எரிச்சல்பட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். புருஷனின் ஆபரேஷன் ஒரு வருஷம் தள்ளித்தான் நடந்தது. பஸ் ஓட்ட முடியவில்லை; சின்ன வேன் ஓட்டுகிறான், சரக்கு ஏற்றும் வேன்.

பால்கடைக்காரர் வீட்டம்மா சாமான் வாங்க அண்ணி கடைக்குத்தான் வருகிறாள். உள்ளே டேப்பு நிற்பதைக் கண்டால் மட்டும் படியேற மாட்டாள். பையோடு எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றுவிடுவாள். அந்த அம்மா தெருமுனையில் திரும்புவது தெரிந்தால் டேப்பு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, சரக்கறை வழியாகப் பின்பக்கம் இறங்கிப் போய்விடுகிறாள்.